சாம்பல் படிந்த அசேலியா

"இது எப்பங்க பெருசாவும்?" என்று கேட்காமல் எங்கள் மொட்டைமாடியிலிருந்து ஒருவரும் இறங்கிப் போனதில்லை. பதினைந்து வருடமாக இதே கேள்வி. பெரிதாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பதினைந்து வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அடுத்த கேள்வி, "காய் காய்க்குமா?" காய்க்காது. "சாமிக்கு வெக்கலாமா?" வைக்கலாம், ஆனால் நான் பறிக்க மாட்டேன். "அப்ப எதுக்குங்க?" இந்த இடத்தில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறும். இவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நிற்கும் பொம்மைகளைப் பார்த்து நான் ஒருநாளாவது எதற்கு என்று கேட்டிருப்பேனா?

கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் தையல்காரப் பெண் இன்னும் ஒரு படி மேலே போனாள். குட்டைச் செடி வளர்க்கும் வீட்டில் பிள்ளைகளும் குட்டையாகத்தான் நிற்பார்கள் என்று யாரோ அவளிடம் சொன்னார்களாம். என் மகன் குனியாமல் வாசற்படி நுழைய முடியாத உயரம். அவனைக் கூப்பிட்டு அவள் எதிரில் நிறுத்தி, "நல்லா பாத்துக்கோ" என்றேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

அது ஒரு அசேலியா, குளிர்ந்த மலையில் பூக்கும் செடி. போன்சாய். ஒரு முழத்துக்கும் குறைந்த உயரம். அடிமரம் மட்டும் என் மணிக்கட்டுப் பருமன். நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்தோடு ஏற்காடு போனோம். மற்றவர்கள் மிளகு, காப்பித் தூள், தைலம் என்று வாங்கினார்கள். நான் ஒரு நாற்றங்காலில் பென்சில் அளவு தண்டும் இரண்டு இளஞ்சிவப்புப் பூவுமாக நின்ற செடியைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். கள்ளக்குறிச்சியில் உயிரோடு இருக்காதும்மா என்று விற்றவரே சொன்னார். என்னிடம் ஒன்றை முடியாது என்று சொல்லிவிட்டால் போதும். வண்டியில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், சொல்கிறேன். வீடு கணவர் வீட்டாருடையது. வண்டி மகனுடையது. சமையலறையை என்னுடையது என்று சொல்வார்கள், அது எப்படிப்பட்ட சொத்து என்று பெண்களுக்குத் தெரியும். பகல் முழுவதும் யாரோ யார்மீதோ போட்ட வழக்கை எழுத்து எழுத்தாக அடிக்கிறேன். அதில் ஒரு வார்த்தையும் என்னுடையது இல்லை. இந்தத் தொட்டி ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. இது செத்தால் என்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்று நான் உண்மையாகவே நம்பினேன். இப்போது எழுதும்போது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது. தெரியட்டும்.

அசேலியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும். நம் ஊர் மண்ணும் தண்ணீரும் அதற்கு நேர் எதிர். எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை நிற்கும். அதை ஊற்றினால் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதனால் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடிவைப்பேன். டிரம் காலியாகிவிட்டால் போர் தண்ணீரில் சில சொட்டு வினிகர் கலப்பேன். தென்னை நார்த்தூளும் மலையிலிருந்து வரும் மக்கிய சருகும்தான் மண். வேர் முடிமாதிரி மெல்லியது, மேலோடு நிற்பது. ஒருநாள் காய்ந்தாலும் போச்சு, ஒருநாள் சேறாக நின்றாலும் போச்சு. காலை வெயில் மட்டும்தான் ஆகும். பூ முடிந்த சூட்டோடு வெட்டிவிட வேண்டும், தாமதித்தால் அடுத்த வருடத்து மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவோம். மற்ற மரமெல்லாம் உச்சியில் வேகம் காட்டும். இது அடிக்கிளையில்தான் திமிறும். அதனால் கீழே நன்றாக வெட்டி, உச்சியைச் செல்லமாக விட வேண்டும். இத்தனையும் நான் தப்புச் செய்து செய்து கற்றுக்கொண்டது. இந்த ஊரில் சொல்லித்தர ஒருவரும் இல்லை. சிரிக்கத்தான் இருந்தார்கள்.

பங்குனி கடைசியில் கள்ளக்குறிச்சி வெயிலில் மனிதர்களே கருகும்போது செடி எங்கே தாங்கும். எங்கள் அலுவலக உதவியாளருக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் வீடு. ஒவ்வொரு வருடமும் அந்தப் பெண்ணின் வீட்டுப் பலாமரத்தடியில் இரண்டு மாதம் செடியை விட்டுவைப்பேன். மலைப் பேருந்தில் வளைவுக்கு வளைவு தொட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போவேன். பேறுகாலத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டில் விடுவதுபோல் விட்டுவிட்டு, ஜூன் முதல் வாரத்தில் போய் அழைத்து வருவேன். மலைக்காற்றில் இலையெல்லாம் மினுமினுவென்று இருக்கும்.

ஆனால் கூடவே ஒரு சனியனும் இறங்கி வரும். மாவுப்பூச்சி. கிளையும் தண்டும் சேரும் கவட்டையில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அதன் இனிப்புக் கழிவை நக்குவதற்கு எறும்பு வரும். வருகிற எறும்பு சும்மா இருக்காது, பூச்சியைத் தூக்கிப் புதுக் கிளையில் குடிவைக்கும். மலையில் அந்தப் பெண்ணின் வீட்டைச் சுற்றி மரவள்ளி. மரவள்ளியில் மாவுப்பூச்சி இல்லாத வருடம் உண்டா? தொட்டியை அந்தப் பக்கம் வைக்காதே என்று ஒவ்வொரு வருடமும் சொல்வேன். "சரிங்க மேடம்" என்பாள். பிறகு பார்த்தால் அங்கேயேதான் இருக்கும்.

ஆரம்ப வருடங்களில் இந்தப் பூச்சியோடு நான் பட்ட பாட்டுக்கு அளவில்லை. பிறகு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் சேர்த்து ஒரு பக்குவம் கண்டுபிடித்தேன். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும், வாரம் ஒருமுறை. அதன்பிறகு மூன்று வருடம் ஒரு பூச்சி கிடையாது. அலுவலகத்தில் ரோஜா வைத்திருப்பவர்களுக்கெல்லாம் பெருமையாக எழுதியே கொடுத்திருக்கிறேன். எத்தனை சொட்டு, எவ்வளவு தண்ணீர், எந்த நேரம், எல்லாம் தட்டச்சு செய்து.

அந்த மூன்று வருடமாகத்தான் அண்ணி எங்களோடு இருந்தார்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. ரிஷிவந்தியத்தில் வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் நிலத்தில் நடவு, களை, பருத்தி எடுப்பு என்று உழைத்தவர். பிள்ளை இல்லை. கணவரும் போய், மூட்டும் தேய்ந்த பிறகு தம்பி போய்க் கூட்டிவந்தார். வந்தவரால் சும்மா உட்கார முடியவில்லை. வந்த வாரமே மாடியில் நாலு பெயின்ட் வாளியில் அவரைக்காய் விதை போட்டுவிட்டார். கொடி ஏறக் கயிறு கட்டினார். குளிக்க வெந்நீர் போட மாடியிலேயே மூன்று கல் வைத்துத் தென்னமட்டை எரிப்பார், அந்தச் சாம்பலைச் சலித்துத் துணியில் முடிந்து வைத்துக்கொள்வார். விடியற்காலையில் இலையில் பனி இருக்கும்போதே அந்த முடிச்சைத் தட்டித் தட்டி அவரைமேல் தூவுவார். பனியோடு சாம்பல் ஒட்டிக்கொள்ளும், அசுவினிப் பூச்சி அண்டாது. அவரைக்கு அது நல்ல வைத்தியம்தான். நான் மறுக்கவில்லை.

வந்த புதிதில் ஒருநாள் என் செடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு கை சாம்பல் போடட்டுமா?" என்றார்.

"அய்யோ வேணாம் அண்ணி. இதுக்குச் சாம்பல் வெசம். இத நீங்க தொடவே தொடாதீங்க, சொல்லிட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. என் செடிக்கும் அவருடைய அவரைக்கொடிக்கும் நடுவில் செங்கல்லை வரிசையாக அடுக்கினேன். எல்லை. அவர் அதைப் பார்த்து, "இன்னாம்மா, சர்வேயர் வந்துட்டுப் போன மாதிரி கீது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் ஜூனில் செடி மலையிலிருந்து வந்தது. மாதக் கடைசியில் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. மழைத் தண்ணீர்தானே ஊற்றுகிறேன்? வினிகர் கலந்தேன். இன்னும் மஞ்சள். இரும்புச்சத்துக் கரைசல் கொடுத்தேன். புதுக் கொழுந்தே எலுமிச்சை நிறத்தில் வந்து ஓரம் கருகியது. எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. ஒருவர் பெயரை இரண்டு முறை தப்பாக அடித்துப் பேச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் சோற்றில் கல். அண்ணிதான் அரிசி புடைப்பவர். சில மாதமாகவே கல்லும் வண்டும் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தன. "பாத்துப் பொறுக்கக் கூடாதா அண்ணி" என்று எரிந்து விழுந்தேன். "நாளைலேர்ந்து நல்லா பாக்கறேம்மா" என்றார்.

வேறு வழியில்லாமல் பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

"எத்தினி ஏக்கருங்க?"

"ஏக்கர்லாம் இல்ல. ஒரே ஒரு தொட்டி."

"இன்னா பயிரு?"

"அசேலியா."

"கம்பனி வெதைங்களா?"

இலையைக் காட்டினேன். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. திரும்பி இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். ஒன்று பூச்சிக்கு, ஒன்று பூஞ்சைக்கு. கூடவே ஒரு டானிக்.

"பூச்சியே இல்லீங்களே. எல மஞ்சளாவுது, அதான் கேக்கறேன்."

"இல்லன்னா இனிமே வரும்ங்க. டேங்குக்கு மூணும் ஒவ்வொரு மூடி. ஜாஸ்தி பச்சை வேணும்னா ஒரு பிடி யூரியா போட்டுக்கோங்க."

எனக்கு வந்ததே கோபம். நோய் என்னவென்று பார்க்காமல் மூன்று விஷத்தை ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொல்ல இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் குளவியும் அதில் முதலில் சாகும். அவை செத்த பிறகு செம்பேன் கேட்பாரில்லாமல் பெருகும், அதற்கு நாலாவது பாட்டில். இப்படித்தான் இந்தப் பக்கத்து மக்காச்சோளமும் பருத்தியும் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கின்றன. அடிக்கிறவன் மூக்கில் ஒரு துண்டுகூட இல்லாமல் அடிக்கிறான். இதையெல்லாம் கடையிலேயே சொன்னேன். வரிசையில் நின்ற விவசாயிகள், யாருடா இந்தம்மா என்று பார்த்தார்கள். கடைக்காரர் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, "மொதல்ல ஒரு ஏக்கர்ல பயிர் வெச்சிட்டு வாங்க மேடம், அப்பால பேசலாம்" என்றார். கடையே சிரித்தது. வீடு வரும்வரை என் காது சுட்டுக்கொண்டிருந்தது.

அடுத்து உதவியாளர் பெண்ணிடம் பாய்ந்தேன். மலையில் யாரோ கண்டதையும் ஊற்றியிருக்கிறார்கள், சுண்ணாம்பு அடித்த வாளியில் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள் என்று வாய்க்கு வந்தபடி சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செடி உங்க வூட்டுக்கு வந்தப்ப நல்லாத்தான மேடம் இருந்துச்சு" என்றாள். அது உண்மை. உண்மை என்பதாலேயே இன்னும் எரிச்சலாக இருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரப் பெண்ணையும் விடவில்லை. சலவைத் தண்ணீரை மாடியில் கொட்டுகிறாயா என்று கேட்டேன். "உங்க மாடிக்கு நான் ஏன்க்கா வரப் போறேன்" என்று கதவைச் சாத்தினாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை கரண்ட் போய், புழுக்கம் தாங்காமல் மாடிக்குப் போனேன். அண்ணி என் செங்கல் வரிசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இடது கையால் என் செடியின் கிளையை ஏந்திப் பிடித்து, வலது கையில் இருந்த துணி முடிச்சைத் தட்டிக்கொண்டிருந்தார். இலையெல்லாம் சாம்பல். தொட்டி மண்மேல் சாம்பல். ஏற்கெனவே தூவியது பாசியோடு சேர்ந்து பக்கு கட்டியிருந்தது. நான் அதைத் தினமும் பார்த்து, தூசி என்று நினைத்திருந்தேன்.

அசேலியாவுக்குச் சாம்பலும் ஒன்றுதான், சுண்ணாம்பும் ஒன்றுதான். நான் மேலே வினிகர் வினிகராக ஊற்றிப் புளிப்பு ஏற்ற, இவர் தினமும் ஒரு பிடி போட்டு அதை முறித்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை நாளாக என்று கேட்டேன். செடி மலையிலிருந்து வந்ததிலிருந்து என்றார்.

"தொடாதீங்கன்னு சொன்னனா இல்லியா?"

"பூச்சி வந்துச்சும்மா, அதான்."

"எங்க கீது பூச்சி? காட்டுங்க. மூணு வருசமா ஒரு பூச்சி கெடையாது. நான் எண்ண அடிச்சு அடிச்சு சுத்தமா வெச்சுகினு கீறேன்."

அவர் கிளையின் அடியில் விரலால் தடவிக்கொண்டு நின்றார். அந்தத் தடவல் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"மூணு வேளையும் ஒக்கார வெச்சு சோறு போடறது பத்தலியா? இருக்கற ஒரு செடியையும் சாவடிச்சாத்தான் ஒங்களுக்கு நெறைவா இருக்குமா?"

சோற்றைச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய சண்டையிலும் மனிதர்கள் அதுவரை போக மாட்டார்கள். வாயிலிருந்து வந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கோபத்தில் இருந்தேன், என் பக்கம்தான் நியாயம் என்று இருந்தேன்.

அண்ணி முடிச்சை அடுப்போரம் வைத்தார். கை கழுவினார். கீழே வந்து தன் பையில் துணியை எடுத்து வைத்து, பத்து மணி பேருந்தில் ரிஷிவந்தியம் போய்விட்டார். என் கணவர் பேருந்து நிலையம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் செய்தித்தாளை விரித்தார். திட்டினால்கூடப் பதில் சொல்லலாம். பேசாத மனிதரிடம் என்ன சண்டை போடுவது? எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

செடியைக் குளிப்பாட்டினேன். மேல் மண்ணை விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நார்த்தூளும் சருகும் போட்டேன். மழைத் தண்ணீரைத் தொட்டியின் அடிவழி ஓடும்வரை மூன்று முறை ஊற்றினேன். ஆவணியில் கொழுந்து பச்சையாகவே வந்தது. பார்த்தீர்களா என்று கணவரிடம் காட்டினேன். பார்த்தார். "ம்" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். செங்கல் வரிசைக்கு அந்தப் பக்கம் அண்ணியின் அவரை தண்ணீர் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. அது என் வேலை இல்லை என்று இருந்தேன்.

பச்சை வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கிளைக் கவட்டையில் வெள்ளை தெரிந்தது. என் எண்ணெய்ப் பக்குவத்தை அடித்தேன். மறுவாரம் பார்த்தால் இரண்டு மடங்கு. விட்டேனா? சோப்பைக் கூட்டினேன், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். காலையில் துடைத்துவிட்டு அலுவலகம் போய் மாலையில் வந்தால், தொட்டி விளிம்பில் எறும்பு ஊர்வலம். பிசுக்கு வழிந்த இலையில் கருப்புப் பூஞ்சை படர்ந்தது. வலப்பக்க அடிக்கிளை இலை உதிர்த்தது. பிறகு அதற்கு மேலே ஒன்று. பிறகு இன்னொன்று. பதினைந்து வருடமாக வளைத்து வளைத்துக் கொண்டுவந்த மூன்று கிளை என் கண்ணெதிரே சுள்ளியானது. மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத பூச்சி இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது? எண்ணெயில் கலப்படமா? எண்ணெய்க் கடைக்காரரோடும் ஒரு சுற்று சண்டை போட்டேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மாடியைப் பெருக்கும்போது, வெந்நீர் அடுப்புக் கல்லுக்குப் பின்னால் ஒரு கொட்டாங்கச்சி கிடந்தது. அடியில் சோப்பு காய்ந்து படிந்திருந்தது. அதில் பஞ்சு பஞ்சாக வெள்ளை, செத்த எறும்புகள். பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி. ஊசி முனையில் தைத்து மிஞ்சிய துண்டுத் துணி சுற்றி நூலால் கட்டியிருந்தது. துணி விறைத்துப் போயிருந்தது. நீலப் பூப்போட்ட அந்தத் துணியை நான் எங்கே பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

தையல்காரப் பெண் ஊசியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "உங்க அண்ணியோடது தான்க்கா. துணி நான் குடுத்தது."

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்க வேலைக்குப் போனதும் தெனம் பதினோரு மணிக்கு அந்தச் செடிகிட்ட ஒக்காந்துக்குவாங்க. ஒவ்வொரு கெளையா திருப்பிப் பாத்து, பூச்சிய ஊசியால எடுத்து சோப்புத் தண்ணியில போடுவாங்க. மூணு வருசமா அதான் அவங்க வேல, துணி கேக்க வரப்பல்லாம் சொல்லுவாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் தட்டச்சு செய்து கொடுத்த எண்ணெய்ப் பக்குவம் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறதோ.

"இந்தச் சித்திரைக்கு அப்பால கண்ணு மசமசன்னு கீதுன்னாங்க. எனக்குத் தெரியல, நீ வந்து பாத்து எடுத்துக் குடும்மான்னு என்னக் கேட்டாங்க. எனக்குப் பூச்சின்னாலே ஒடம்பு கூசும்க்கா, மாட்டேன்னுட்டேன். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. அப்பால தான் சாம்பல் போட ஆரம்பிச்சாங்க. சாம்பல் போடறதுக்குக் கண்ணு வேணாமில்ல."

சோற்றில் கிடந்த கல் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு அது உறைக்கவில்லை. ஒரு இலையின் நிறம் ஒரு சாயல் மாறினால் கண்டுபிடிக்கிறவள் நான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு ரிஷிவந்தியம் பேருந்தில் ஏறினேன். ஏன் செடியைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெறுங்கையோடு போய் அந்த வாசலில் நிற்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "இது எப்பங்க பெருசாவும்?" என்றார். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக நான் பதில் சொல்லவில்லை. வழியெல்லாம் அண்ணிமேல்தான் கோபப்பட்டுக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை நடந்திருக்குமா? மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு என்னைப் பெருமையடிக்க விட்டு வேடிக்கை பார்த்தாரே? வேறு யார்மேல் கோபப்பட வேண்டும் என்று தெரிந்தும், அந்தப் பக்கம் திரும்பாமல் ஊர்வரை ஓட்டிவிட்டேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். எட்டடி தூரத்தில் நான் நின்றேன். நல்ல வெயில், பட்டப்பகல்.

"யாரு?" என்றார்.

"நான்தான் அண்ணி."

"நீயா? வா. இன்னா கையில?"

"செடி."

புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். எதிரில் வைத்தேன். விரல்கள் அடிமரத்திலிருந்து ஏறின. பட்டுப்போன மூன்று கிளையும் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு இடப்பக்கக் கவட்டைக்குப் போனார்.

"பிசுக்குன்னு கீது. இங்க கூடு கட்டிகீது பாரு. எறும்பு வருதா?"

"வருது."

"எறும்ப மொதல்ல நிறுத்தணும். தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல கல்லு போட்டு அதும் மேல தொட்டிய வெய்யி. அப்பால பூச்சிய எடுத்தா நிக்கும். எறும்ப வுட்டுட்டு எண்ண அடிச்சா நிக்காது."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"தொடாதன்னு சொல்லியிருந்தியே. சொன்னா, தொட்டது தெரிஞ்சிடும்ல."

என்னால் பொறுக்க முடியவில்லை. "கண்ணு தெரியலன்னா வாயத் தெறந்து சொல்ல மாட்டீங்களா? டாக்டருகிட்ட கூட்டிக்கினு போயிருப்பேன். இந்தச் சாம்பலும் வேணாம், சண்டையும் வேணாம். இன்னா வீம்பு ஒங்களுக்கு?" குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அழுகை வந்தால் எனக்குக் குரல்தான் ஏறும்.

அவர் ஒரு புளியங்கொட்டையைத் தள்ளி வைத்தார்.

"வேல செஞ்சே பழகின ஒடம்பும்மா. ஒக்காந்து துன்னா எறங்காது. ஒன் செடியில பூச்சி பொறுக்கிட்டு கீழ வந்தா, மத்தியானச் சோறு எறங்கும். கண்ணும் போச்சுன்னு சொன்னா, இருந்த அந்த ஒரு வேலயும் போயிடும்ல. அதான் சொல்லல."

குத்திக்காட்டவில்லை. ஆடி மாதத்து அந்த வார்த்தை அவர் குரலில் எங்குமே இல்லை. இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சண்டை போட்டிருப்பேன்.

"அவரைக்குத் தண்ணி ஊத்தினியா?" என்றார்.

நான் சொல்லாததிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "போவுது, தைப்பட்டத்துல வேற போட்டுக்கலாம்" என்றார்.

பிறகு வெயில் காலடியில் எதுவரை வந்திருக்கிறது என்று கையால் தரையைத் தொட்டுப் பார்த்தார். "மணி ஒண்ணாவப் போவுது. சாப்ட்டியா?"

"இல்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். தட்டில் சோறு போட்டு, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றி, சிந்தாமல் மெதுவாகத் தூக்கிவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து மறுபடி செடியைத் தடவ ஆரம்பித்தார். முதல் வாயிலேயே பல்லில் கல் பட்டது. அதையும் சேர்த்து விழுங்கினேன். தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.